முதுமையும் உரிமையும்

கிழவன் என்னும் சொல் இக்காலத்தில் ஒருவரை இழித்துரைப்பதற்கே பெரிதும் வழங்குகின்றது. பழந்தமிழில் அதன் பொருள் வேறு. கிழமை என்பது உரிமை, கிழவன் என்பான் உரியவன், கிழத்தி உரியவள். அகப்பொருள் கூறும் தலைவனும் தலைவியும் இளமைப் பருவத்தினராய் இருக்கவும், அவர்களைக் கிழவன் என்றும் கிழத்தி என்றும் தொல்காப்பியர் குறிக்கின்றார். நிலத்துக்கு உரியவனை நிலக்கிழான் என்பதும் இவ்வாற்றானேயாம். இதனை வகுப்பிலே கூறுந்தோறும் மாணவர் நகைப்பது வழக்கம். ஒருமுறை நகையொலி அடங்கிய பின்னர், "அப்படியானால் எங்கள் வீட்டுக் கிழவருக்கு என்ன உரிமை இருக்கின்றது, ஐயா?" என மாணவன் ஒருவன் வினவினான். அவ்வினா எம்மைச் சிந்திக்க வைத்தது. இந்நாட்டு முதியோருக்கு எழுத்திலே உள்ள உரிமைகள் எவை, கையிலே கிடைப்பன எவை, கிடைக்கச் செய்வதற்கு அரசிடம் நாம் கேட்கவேண்டியன எவை என்பவற்றை இங்கே எடுத்துரைக்க விழைகின்றோம்.

முதியோருக்கு அரசாங்கம் திட்டம் வகுக்க வேண்டும் எனப் பேசப் புகுந்தால், எம்மவருட் பலர் ஒரு மறுமொழியை ஆயத்தமாக வைத்திருக்கின்றனர். பெற்றாரைப் பேணுதல் தமிழர் பண்பாடு. அதற்குச் சட்டமும் சபையும் வேண்டுவது மேனாட்டார்க்கே என்பது அம்மறுமொழி. செவிக்கு இனிதாயினும் இக்கூற்று யாழ்ப்பாணத்து வரலாற்றோடு பொருந்தவில்லை. எம் முன்னோர் தம் முதுமையைப் பிள்ளைகளின் அன்பிடம் மாத்திரம் ஒப்படைத்து வாளாவிருந்தாரல்லர். அன்போடு சொத்தையும் சொத்தோடு சட்டத்தையும் பிணைத்து வைத்தனர்.

ஒல்லாந்தர் காலத்திலே, தேசாதிபதி சைமன்ஸ் பணித்தபடி, கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை யாழ்ப்பாணத்து மக்களின் வழக்கங்களைத் தொகுத்து 1707 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் ஒப்படைத்தார். அத்தொகுப்புத் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, முதலிமார் 12 பேரால் பார்வையிடப்பட்டு அவர்களது ஒப்புதலையும் பெற்றது. இதுவே தேசவழமை. ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டில் இதற்குச் சட்ட வலு அளித்தனர். அதன்படி, பெற்றார் உயிரோடிருக்கும்வரை ஆண்மக்கள் முதுசத்தில் எதனையும் கேட்க இயலாது. அன்றியும், மணமாகும்வரை அவர்கள் உழைத்துத் தேடியது முழுவதும் குடும்பத்தின் பொதுச் சொத்திலே சேர்தல் வேண்டும். பெற்றார் பட்ட கடனை, முதுசமாக ஒன்றும் கிடையாதவிடத்தும், மக்கள் இறுக்கக் கடமைப்பட்டிருந்தனர். பெண்மக்களுக்குச் சீதனம் கொடுத்த பின்னர் எஞ்சியது பெற்றார் ஆளுகையிலேயே இருந்தது. காணி எவர் கையிலிருந்ததோ அவருக்குத் திண்ணையிலே இடமும் அடுப்படியிலே மதிப்பும் குறைவதில்லை என்பதை எம் மூதாதையர் நன்கு அறிந்திருந்தனர். தேசவழமையிலே இன்று எவரும் ஏற்க இயலாத பகுதிகள் உள. அடிமைகளைப் பற்றிய விதிகளும் அதில் இருந்தன. ஆகவே அதனை மீளக் கொணர்தல் எம் நோக்கமன்று. முதுமைக்கு விதி வகுத்தல் எமக்குப் புதியதொரு வழக்கமன்று என்பதற்கே அதனை எடுத்துக் காட்டினோம்.

இவ்வமைப்புச் சிறிது சிறிதாகத் தளர்ந்தது. ஆங்கிலக் கல்வி கற்ற பிள்ளைகள் கொழும்புக்கும் மலாயாவுக்கும் உத்தியோகத்தின் பொருட்டுச் சென்றனர். அவர்தம் உழைப்புக் குடும்பத்தின் பொதுச் சொத்திலே வந்து சேருதல் அருகியது. திருமண உரித்தும் முதுசமும் பற்றிய 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் பழைய விதிகள் பலவற்றை மாற்றியது. காணியின் இடத்தை இப்பொழுது வேறொன்று பிடித்துக்கொண்டது. அதுவே இளைப்பாற்றுச் சம்பளம். ஊரார் வாய்மொழியிற் பென்சன். மலாயாவிலே புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் பணிபுரிந்து திரும்பிய மலாயாப் பென்சன்காரரை எம் தந்தையர் தலைமுறையினர் நன்கு அறிவர். கல்வீடும், சாய்மனைக் கதிரையும், மாதந்தோறும் தவறாது வரும் பணமும் அவர்களுக்கு ஊரிலே ஒரு தனிச் சிறப்பை அளித்தன. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்போர் சம்பளத்திலும் பென்சனையே முதலில் விசாரித்தமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. உத்தியோகத்தர் இறந்த பின்னர் அவர் மனைவிக்கும் ஆதரவு உண்டு. விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்குரிய கட்டளைச் சட்டம் 1898 ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது.

எமது கல்லூரி போன்ற கல்லூரிகளின் பெருமையும் இவ்விடத்தே விளங்கும். அவை தலைமுறை தலைமுறையாக மாணவரை எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் ஆக்கியபோது, உத்தியோகத்தை மாத்திரமன்றி அச்சமற்ற முதுமையையும் சேர்த்தே வழங்கின. ஆனால் அவ்வாயிலிற் புகாதோரின் நிலை யாது? புகையிலைத் தோட்டத்திலே துலா மிதித்தவரும், பனையேறியவரும், கடலிலே வலை வீசியவரும், கொழும்பிலே கடைச் சிப்பந்தியாக இளமையைக் கழித்தவரும், வீட்டிலே ஊதியமின்றி உழைத்த பெண்களும் எவ்வித நியமனக் கடிதத்தையும் கண்டாரல்லர். கல்லூரி விடுதிகளிலே விடியுமுன் எழுந்து பிட்டும் இடியப்பமும் அவித்து மாணவரை வளர்த்த சமையற்காரர் பலரும் அவ்வாறே. அவர் கையால் உண்ட மாணவர் பென்சன் பெறுகின்றனர்; அவருக்கு அது இல்லை.

இக்குறையை நிரப்ப அரசு சில முயற்சிகளைச் செய்தது. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி தோன்றியது. ஊழியர் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி தரும் 12 வீதமும் அதிற் சேர்கின்றன. ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் அதனை எடுத்துக்கொள்ளலாம். ஆயினும் அது ஒருமுறையிற் கிடைக்கும் முழுத்தொகை, மாதந்தோறும் வருவதன்று. மகளின் திருமணம், வீட்டுக் கூரை, பழைய கடன் என்பன வாயைத் திறந்து காத்திருக்க, அத்தொகை ஓராண்டு தங்குதலும் அரிது. அதனை வங்கியில் இட்டு வட்டியில் வாழ்ந்தவர்களும் 2022 ஆம் ஆண்டில் நிலைகுலைந்தனர். அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்திற் பணவீக்கம் 70 வீதத்தை அண்மியது. முதியோரின் நிலையான வைப்புக்கு 2015 முதல் வழங்கப்பட்டு வந்த 15 வீத விசேட வட்டித் திட்டமும் அவ்வாண்டிலேயே நிறுத்தப்பட்டது. கமக்காரருக்கு 1987 ஆம் ஆண்டிலும் கடற்றொழிலாளருக்கு 1990 ஆம் ஆண்டிலும் தனித்தனி ஓய்வூதியச் சட்டங்கள் இயற்றப்பட்டன. நோக்கம் நன்று. எனினும் மழையையும் கடலையும் நம்பி வாழ்வோர் தவணை தவறாது பணம் கட்டுதல் எளிதன்று. கட்டியவர்க்குக் கிடைப்பதும் சிறு தொகையே.

இவற்றினிடையே முதியோர் தொகை பெருகிக்கொண்டே செல்கின்றது. 1946 ஆம் ஆண்டில் இந்நாட்டில் ஒருவரின் எதிர்பார்க்கை ஆயுள் 43 ஆண்டளவினதே. மலேரியா அடக்கப்பட்டமையாலும் இலவச மருத்துவம் கிராமங்களை எட்டியமையாலும் 1953 ஆம் ஆண்டில் அது 58 ஆண்டளவாயிற்று. இன்று 75 ஐத் தாண்டிவிட்டது. 65 வயதும் அதற்கு மேலும் ஆனோர் 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நூற்றுக்கு 7.9 பேர், 2024 ஆம் ஆண்டில் 12.6 பேர். வடபுலத்திலோ போரும் புலப்பெயர்வும் பிள்ளைகளைப் பிரித்துவிட்டன. கனடாவிலும் இலண்டனிலும் பிள்ளைகள். ஊரிலே ஆறு அறை கொண்ட வீட்டில் இரு முதியோர், அல்லது ஒருவர். போரிலே பிள்ளைகளை இழந்தோரும், காணாமற்போன மகனின் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு முதிர்ந்துவிட்ட தாய்மாரும் வேறு.

சட்டம் இவர்களை முற்றாக மறந்துவிட்டது எனக் கூற இயலாது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 60 வயது நிரம்பியோரை முதியோர் என வரையறுக்கின்றது. முதியோருக்கான தேசிய சபையொன்றையும் நிறுவுகின்றது. பெற்றாரைப் பேணுதல் பிள்ளைகளின் கடமை என்றும், ஆதரவற்ற முதியோருக்கு உறைவிடம் அளித்தல் அரசின் கடமை என்றும் அது கூறுகின்றது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றார், பிள்ளைகளிடமிருந்து மாதப்படி பெற்றுத் தருமாறு அதற்கென நியமிக்கப்பட்ட சபையிடம் விண்ணப்பிக்கலாம். 2011 ஆம் ஆண்டில் இச்சட்டம் திருத்தவும்பட்டது. இது வேண்டாத சட்டமென்று யாம் கூறோம். வழக்குக்கு அஞ்சியேனும் கடமையைச் செய்யும் பிள்ளைகள் சிலர் உளர்.

எனினும் தன் மகனுக்கு எதிராக விண்ணப்பம் எழுதும் தாய் எத்தனை பேர்? வயிற்றை ஒடுக்கிக்கொண்டு, "பிள்ளைக்கும் கஷ்டந்தானே" என்று அயலாரிடம் கூறுபவளே எம் நாட்டுத் தாய். அவள் ஒருகால் துணிந்தாலும், மகன் கடல் கடந்து வாழ்பவனாயின் இங்குள்ள சபையின் கட்டளை அவனைச் சென்றடைதல் அரிது. மகன் வறியவனாயின் கட்டளையாற் பயன் இல்லை. மகனே இல்லாதவள் எவர்மீது விண்ணப்பிப்பாள்? பிள்ளையை முன்னிட்டு எழுதப்பட்ட சட்டம் பிள்ளை இல்லாத இடத்தில் நின்றுவிடுகின்றது. ஆகையாற் பராமரிப்புச் சட்டத்துக்கு அடியிலே, எவருடைய அன்பையும் எவருடைய வழக்கையும் சாராத ஒரு நிலையான தளம் வேண்டும்.

அத்தகைய தளம் ஒன்றின் தொடக்கம் இருக்கின்றது. வருமானம் குறைந்த, 70 வயது கடந்த முதியோருக்கு 2012 ஆம் ஆண்டு முதல் மாதக் கொடுப்பனவு வழங்கப்பட்டு வருகின்றது. 1000 ரூபாவிலே தொடங்கியது, 2000, 3000 என ஏறி, 2025 ஏப்ரல் முதல் 5000 ரூபாவாயிற்று. இதனை யாம் நன்றியோடு குறிப்பிடுகின்றோம். ஆனால் இதில் இரு குறைகள் உள. முதலாவது, இது ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்ட உரையிலே நிதியமைச்சர் வாயிலிருந்து வருவது. விலைவாசி ஏறும்போது தானாக ஏறுவதன்று. ஓர் அமைச்சர் கூட்டுவார், இன்னொருவர் மறப்பார். இரண்டாவது குறை இன்னும் பெரிது. வறியவர் யார் எனத் தெரிந்தெடுக்கும் முறையிலே தவறு நேராதிருத்தல் அரிது. கல்வீடும் மின்னிணைப்பும் கிணற்று நீரிறைக்கும் இயந்திரமும் கணக்கிலே செல்வமாகின்றன. அவ்வீட்டிலே தனித்திருக்கும் மூதாட்டி சுவரைக் கடித்து உண்ண முடியுமா என்பதைக் கணக்கெடுக்கும் படிவம் கேட்பதில்லை. வெளிநாட்டிலே மகன் இருக்கின்றான் என்ற ஒரு சொல்லே சிலரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடப் போதும். அம்மகன் பணம் அனுப்புகின்றானோ அன்றோ என்பது வேறு கதை.

இத்தெரிவு முறையைத் துறந்த நாடுகள் உள. மொரீசியசுத் தீவு 1950 ஆம் ஆண்டில் முதியோர் ஓய்வூதியத்தைத் தொடங்கி, 1958 ஆம் ஆண்டிலே வருமானச் சோதனையை நீக்கி, அதனை அனைவருக்கும் உரியதாக்கியது. கரும்பை நம்பி வாழ்ந்த ஒரு சிறு குடியேற்ற நாடு அப்பொழுது அது. சுதந்திரம் அடைந்தது 1968 இலே. நேபாளம் 1995 ஆம் ஆண்டில், 75 வயது நிரம்பியோர்க்கு மாதம் 100 நேபாள ரூபா எனத் தொடங்கியது. பின்னர் வயதெல்லையைப் படிப்படியாக இறக்கி, 2022 ஆம் ஆண்டில் 68 ஆக்கியது. இலங்கையிலும் வறிய நாடு நேபாளம் என்பதை மறத்தலாகாது. மறுபக்கத்தையும் கூறிவிடுதல் முறை. 60 வயதிலேயே அனைவர்க்கும் கொடுத்து வந்த மொரீசியசு, செலவு தாங்காது, வயதெல்லையை 65 ஆகப் படிப்படியாய் உயர்த்த 2025 ஆம் ஆண்டில் முடிவு செய்தது. எனவே வயதெல்லையைத் தொடக்கத்திலேயே உயரத்தில் வைத்தல் அறிவுடைமை.

எம் கருத்தைச் சுருங்கக் கூறின் இதுவாகும்: 70 வயது நிரம்பிய, அரசின் வேறு ஓய்வூதியம் எதுவும் பெறாத ஒவ்வொருவருக்கும், வீடு வாசல் பிள்ளைகள் பற்றிய வினாவின்றி, மாத ஓய்வூதியம் அளித்தல் வேண்டும். இப்பொழுதுள்ள 5000 ரூபாவிலிருந்தே தொடங்குக. ஆயின் அது விலைச் சுட்டெண்ணோடு ஆண்டுதோறும் ஏறுமாறு பாராளுமன்றச் சட்டத்தில் எழுதப்படுக. செல்வருக்கும் கொடுப்பதா எனச் சிலர் வினவுவர். செல்வரிடம் வரியாக மீட்டுக்கொள்ளலாம். வறியவர் பட்டியலில் விடுபட்ட மூதாட்டியின் பட்டினியை எவ்வகையில் மீட்பது? ஆசிரியராகிய எமக்கு அரச ஓய்வூதியம் உண்டு. ஆதலின் இத்திட்டத்தால் எமக்கு ஒரு சதமும் வராது என்பதையும் சொல்லிவைக்கின்றோம்.

இனி, பழைய மாணவருள் நொத்தாரிசுமாரும் சட்டத்தரணிகளும் பலர் இருப்பதால் அவர்கள் கவனத்துக்கு ஒரு பொருள். யாழ்ப்பாணத்திலே முதியோர் தம் நிலையை இழப்பது பெரும்பாலும் ஓர் உறுதியிற் கையொப்பம் இடும் நாளிலேயாம். மகளுக்குச் சீதனமாகவோ மகனுக்கு நன்கொடையாகவோ வீட்டை எழுதும்போது, சீவிய உரித்தைத் தமக்கு வைத்துக்கொண்டு எழுதலாம். அவ்வாறு எழுதின், வீடு பிள்ளைக்குரியதாயினும், தாம் உயிரோடிருக்கும்வரை அதில் வாழ்தற்கும் அதன் பயனைத் துய்த்தற்கும் உள்ள உரிமை எழுதிக் கொடுத்தவரிடமே தங்கும். ஆனாற் சீவிய உரித்து வைத்த வீடு என்றால் மாப்பிள்ளை வீட்டார் முகஞ் சுளிப்பர். திருமணம் தடைப்படுமோ என்று அஞ்சித் தகப்பன் அதனையும் விட்டுக் கொடுத்துவிடுகின்றான். அன்று முதல் அவன் தான் கட்டிய வீட்டிலே விருந்தினன். பிற்காலத்தில் மனம் வருந்தினாலும் மீட்சி எளிதன்று. மீளப்பெற இயலாதென எழுதிய நன்கொடை உறுதியை, பெரும் நன்றிகேட்டைக் காரணமாகக் காட்டி நீக்குதல் பற்றி 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் உண்டு. அதற்கும் நீதிமன்றம் ஏறி வழக்காடுதல் வேண்டும். 75 வயதில் வழக்குத் தொடங்குபவர் தீர்ப்பைக் கேட்க இருப்பாரோ என்பது ஐயம்.

ஆகவே சட்டத்திலே ஒரு சிறு திருத்தம் வேண்டுமென்பது எம் எண்ணம். 60 வயது கடந்த ஒருவர் தாம் குடியிருக்கும் வீட்டை நன்கொடையாக எழுத வருமிடத்து, வாங்குவோர் அருகில் இல்லாத வேளையில், சீவிய உரித்து என்றால் யாது, அதனை விடுத்தால் விளைவு யாது என நொத்தாரிசு அவருக்கு விளக்குதல் கட்டாயமாக்கப்படல் வேண்டும். விளக்கியதும் அவர் தெரிந்தே விட்டுக்கொடுத்ததும் உறுதியிலே பதியப்படல் வேண்டும். இதற்கு அரசுக்குச் செலவு இல்லை. சட்டம் வரும்வரை, எம் பழைய மாணவ நொத்தாரிசுமார் இதனைத் தம் வழக்கமாகக் கொள்வதற்கு எத்தடையும் இல்லை.

வேறு சிலவற்றை விரைந்து கூறிச் செல்வோம். உடற்குறை உள்ளோர் பொதுக் கட்டடங்களை எளிதில் அடைவதற்கான ஒழுங்குவிதிகள் 2006 ஆம் ஆண்டில் வெளிவந்தன. புதிய பொதுக் கட்டடங்களில் அவற்றைக் கைக்கொள்ளுமாறு உயர் நீதிமன்றம் 2009 ஆம் ஆண்டிற் கட்டளையும் இட்டது. முழங்கால் நோவுள்ள முதியோருக்கும் அவ்விதிகளே துணை. எனினும் படியேறாது சேரக்கூடிய கந்தோர்கள் இன்னும் சிலவே. எமது கல்லூரி மண்டபத்துக்கும் படிகள் உள. யூபிலி விழாவுக்கு வரும் எம் மூத்த பழைய மாணவர் அவற்றை எண்ணிப் பார்ப்பாராக. நோய்ப்பட்டுப் படுக்கையில் இருப்போரை வீட்டிற்கு வந்து பார்க்கும் தாதியர் சேவை பிரதேசந்தோறும் வேண்டும். அதற்குப் பயிற்சி பெற்ற இளைஞருக்கு ஊரிலேயே தொழிலும் கிடைக்கும். கைதடியிலே வட மாகாண சமூகசேவைத் திணைக்களத்தின்கீழ் முதியோர் இல்லம் இயங்குகின்றது. அங்கே போதல் குலத்துக்கு இழுக்கு என்ற எண்ணம் ஒழிய வேண்டும். அவ்வில்லத்தில் இருப்பவரைப் பார்க்க ஒருவரும் போகாமையே இழுக்கு.

அரசிடம் கேட்பனவற்றோடு, கேளாமலே நாம் தொடங்கக்கூடியதும் ஒன்று உண்டு. கிடைக்கவேண்டிய உதவி கிடையாது போவதற்குப் பல வேளைகளிற் காரணம் ஒரு படிவமே. முதியோர் அடையாள அட்டைக்கு ஒரு படிவம், மாதக் கொடுப்பனவுக்கு ஒன்று, பட்டியலில் விடுபட்டமைக்கு முறையீடு ஒன்று, பென்சன்காரர் உயிரோடிருக்கின்றார் என்பதற்குக் கிராம அலுவலர் ஒப்பமிடும் பத்திரம் ஒன்று எனப் பல. கண் மங்கியவர் அவற்றை வாசித்தல் எங்ஙனம்? மாதத்தில் ஒரு சனிக்கிழமை முற்பகல், கல்லூரி நூலகத்திலே, பழைய மாணவருட் சட்டத்தரணி ஒருவர், கணக்காளர் ஒருவர், இளைப்பாறிய எழுதுவினைஞர் இருவர் அமர்ந்து, எவ்வூர் முதியவர் வந்தாலும் படிவத்தை வாசித்து நிரப்பிக் கொடுக்கலாம். கிராம அலுவலர் பிரிவுகளிலுள்ள முதியோர் சங்கங்களுக்கு முன்னரே அறிவித்துவிட்டால் வருவோர்க்குக் குறைவிராது. எத்தனை பேர் எக்காரணத்தால் மறுக்கப்பட்டனர் என்பதை ஒரு கொப்பியிலே குறித்து வைத்தால், பாராளுமன்ற உறுப்பினரிடம் செல்லும்போது காட்டுவதற்கு ஊர்க் கணக்கு ஒன்று கையில் இருக்கும். உயர்தர வகுப்பு மாணவர் சிலர் கதிரை எடுத்து வைக்கவும், வரிசை பார்க்கவும், வாசலிலிருந்து கைபிடித்து அழைத்து வரவும் ஒப்புக்கொண்டுள்ளனர். நூலகத் திறப்பு எம்மிடம் உண்டு.